சரக்கு எந்த ஊர்ச் சரக்கு?

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி பாரோயில் நடைபெற்ற வணிகக் கருத்தரங்கில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் அச்சிடப்படுகிறது.)



நிகழ்ச்சி நிரலில் என் பேச்சுக்குப் 'புதிய வாணிப ஒப்பந்தங்களும் ஏற்றுமதி ஆவணங்களும்' என்று தலைப்பு போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் தேத்தண்ணி குடிக்க எழுந்து போனதை நானும் பார்த்தேன். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கிள்ளான் துறைமுகத்தில் ஃபார்வர்டிங் வேலையில் 31 வருடம் இருந்தவன் நான். எனக்கே இந்தத் தாள்களைப் பார்த்தால் பல நாள் தூக்கம் வந்திருக்கிறது. ஒரே ஒரு முறைதான் தூக்கம் போனது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

2021-ஆம் ஆண்டு. செனவாங் பக்கம் ஒரு சிறிய தொழிற்சாலை. ரப்பர் தரைவிரிப்பு செய்கிறார்கள். எனக்குச் சொந்தக்காரர்களுடையது. சென்னையில் அதை இறக்குமதி செய்கிறவர் என் மச்சான், வீட்டுக்காரியின் தம்பி. ஆசியான்–இந்தியா ஒப்பந்தத்தின்கீழ் வரிச்சலுகை வேண்டுமென்றால் ஃபார்ம் ஏஐ என்கிற பூர்வீகச் சான்றிதழ் போக வேண்டும். பல வருடமாக அந்தக் காகிதங்களை நான்தான் தயார் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். போன தடவை போட்டதையே எடுத்து, தேதியையும் கண்டெய்னர் எண்ணையும் மாற்றுவேன். கையெழுத்து, முத்திரை, முடிந்தது வேலை.

அந்தத் தடவை சென்னைச் சுங்கத்தில் கண்டெய்னரை நிறுத்திவிட்டார்கள். மச்சான் இரவு பதினோரு மணிக்குப் போன் செய்தார். "மச்சான், ஒண்ணே ஒண்ணு கேக்குறாங்க. இது எந்த ஊரு ரப்பரு?"

நான் சிரித்தேன். "என்ன கேள்வி இது? மலேசியா ரப்பர்தான். ரப்பருக்கு நம்மள விட்டா யாரு?" என்றேன். "அப்படி வாயால சொன்னாப் போதாதாம். எழுத்துல கேக்குறாங்க" என்றார்.

காலையில் தொழிற்சாலைக்குப் போய்க் கொள்முதல் பில்களைப் புரட்டினேன். அதற்கு எட்டு மாதம் முன்பே, விலை மலிவு என்று ரப்பரை ஐவரி கோஸ்ட்டிலிருந்து வரும் சரக்காக மாற்றியிருக்கிறார்கள். எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நம் நாடு இப்போது வெளியிலிருந்து நிறைய இயற்கை ரப்பர் வாங்குகிறது என்பது தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நான் பிறந்தது தோட்டத்தில். கித்தா மர நிழலில் நடந்து பள்ளிக்கூடம் போனவன். ரப்பர் என்றால் அது நம்முடையது என்று மனசு முடிவு செய்துவிட்டது. அந்த முடிவை நான் பாரத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். இதே பாரோய் வட்டாரத்தில் கித்தா நின்ற இடமெல்லாம் இன்று தாமான்களாகவும் செம்பனையாகவும் இருப்பதை தினமும் பார்த்துக்கொண்டேதான் அதைச் செய்தேன்.

கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். கப்பலில் ஏற்றும்வரை உள்ள விலையை எஃப்ஓபி என்பார்கள். அதை 100 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பழைய நாளில் வெளிநாட்டுப் பொருள் என்று அதில் இருந்தது சீனாவிலிருந்து வந்த இரசாயனமும் துணியும் மட்டும், 24 வெள்ளி. மீதி 76 நம் வட்டாரத்து மதிப்பு. ஆசியான்–இந்தியா விதிக்கு 35 விழுக்காடு போதும், தாராளமாகத் தேறும். ரப்பரும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பிறகு இன்னொரு 45 வெள்ளி வெளிநாட்டுக் கணக்கில் சேர்ந்தது. 24-உம் 45-உம் 69. மீதி 31. தேறாது. ஆனால் நான் அனுப்பிய தாளில் 76 என்றே இருந்தது.

மச்சான் முழு வரியையும் கட்டினார். அதற்கு மேல் கண்டெய்னர் கிடந்த நாட்களுக்கு டெமரேஜ். முந்தைய சரக்குகளையும் திருப்பிப் பார்த்தார்கள். அந்த வருடம் அவருக்குப் பெருநாள் எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. பணத்தைவிட எனக்கு உறுத்தியது இன்னொன்று. யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பொய்ச் சாட்சி சொல்லியிருந்தேன். பூர்வீகச் சான்றிதழ் என்பது சாட்சி சொல்வதுதான் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

ஏன் அந்தத் தடவை மட்டும் பிடித்தார்கள்? 2020 செப்டம்பர் 21 முதல் இந்தியாவில் ஒரு புது விதி. காரோடார் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதுவரை நம் நாட்டு அமைச்சு கொடுத்த சான்றிதழைக் காட்டினால் அங்கே சலுகை கிடைத்துவிடும். இப்போது சான்றிதழ் மட்டும் போதாது. பொருள் எப்படிச் செய்யப்பட்டது, எந்த மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, மதிப்பு எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதெல்லாம் இறக்குமதியாளருக்கே தெரிந்திருக்க வேண்டும். விவரங்களை அவர் 5 ஆண்டுகள் கையில் வைத்திருக்க வேண்டும். கேட்டால் காட்ட வேண்டும். அவருக்கு எப்படித் தெரியும்? நாம் சொன்னால்தான் தெரியும்.

இந்த விதி ஏன் வந்தது என்பதற்குப் பின்னால் நம் செம்பனைக்கும் ஒரு பங்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

செம்பனைக் குலை நம் மண்ணில் விளைகிறது. உரம் வெளிநாட்டு உரமாக இருக்கலாம். வெட்டுகிற தொழிலாளி பங்களாதேஷ்காரராக இருக்கலாம். அதனால் ஒன்றும் மாறாது. இந்த மண்ணில் விளைந்து இங்கே அறுத்தால் அது முழுமையாக மலேசியப் பொருள். பூர்வீக விதிகளில் முதல் வாசல் இதுதான். இந்த வாசலில் கணக்கு வழக்கே தேவையில்லை.

இனி அந்த எண்ணெய் எங்கெல்லாம் போனது என்று பாருங்கள். இந்தியா–இலங்கை வாணிப ஒப்பந்தம் 2000 மார்ச் 1 அன்று அமலுக்கு வந்தது. அப்போது இந்தியாவில் செம்பனை எண்ணெய்க்கு இறக்குமதி வரி மிக அதிகம், இலங்கையில் குறைவு. உடனே இலங்கையில் வனஸ்பதி ஆலைகள் முளைத்தன. முதலீடு செய்தவர்களில் பலர் இந்தியர்களே. இலங்கையில் அந்த அளவுக்குச் செம்பனை ஏது? மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் எண்ணெய் வாங்கினார்கள். சுங்கக் குறியீட்டில் செம்பனை எண்ணெய் 1511. அதை வனஸ்பதியாக்கினால் 1516. குறியீடு மாறிவிட்டது. 35 விழுக்காடு மதிப்புக் கூட்டலும் காட்டினால் அது இலங்கைப் பொருள். இந்தியாவுக்குள் வரியில்லாமல் போகலாம். போனது. இந்திய ஆலைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். 2006-இல் ஆண்டுக்கு 250,000 டன் என்று வரம்பு போட்டார்கள். 2008-இல் இந்தியா கச்சாச் செம்பனை எண்ணெய் மீதான வரியை எடுத்துவிட்டதும் அந்த வியாபாரத்துக்கு இருந்த காரணமே போய்விட்டது. ஆலைகள் படுத்துவிட்டன. ஆலைக்குள் இருந்த இயந்திரம் அதேதான், எண்ணெயும் அதேதான். வரி வித்தியாசத்தை மட்டும் நம்பிக் கட்டிய தொழில் அது.

அடுத்தது நமக்கு நேராகவே நடந்தது. மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் தனியாக ஓர் ஒப்பந்தம் உண்டு. 2011 பிப்ரவரி 18-இல் கோலாலம்பூரில் கையெழுத்தாகி அதே ஆண்டு ஜூலை 1-இல் அமலுக்கு வந்தது. அதன்படி 2019 ஜனவரி முதல் மலேசியாவின் சுத்திகரித்த செம்பனை எண்ணெய்க்கு இந்தியாவில் வரி 45 விழுக்காடு; இந்தோனேசியாவுக்கு 50. வெறும் 5 விழுக்காடு. அந்த ஐந்துக்காக வாங்குகிறவர்கள் எல்லாம் மலேசியா பக்கம் திரும்பினார்கள். செப்டம்பரில் இந்தியா அந்த 5 விழுக்காட்டையும் பாதுகாப்பு வரியாகச் சேர்த்துச் சமப்படுத்தியது. 2020 ஜனவரி 8 அன்று சுத்திகரித்த எண்ணெயையே கட்டுப்படுத்தப்பட்ட இறக்குமதிப் பட்டியலில் வைத்தது. அதன் அரசியல் நமக்கு இங்கே வேண்டாம். இதே காலத்தில் நேப்பாளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் இந்தியாவுக்குச் செம்பனை எண்ணெய் வரத் தொடங்கியது. நேப்பாளத்தில் செம்பனைத் தோட்டமா? இமயமலை அடிவாரத்தில் யார் குலை வெட்டுகிறார்கள்? இந்தக் கேள்வியை இந்திய அதிகாரிகளும் கேட்டார்கள். மிளகிலும் அப்படித்தான். வியட்நாம் மிளகு இலங்கைப் பெயரில் வருகிறது என்று கேரளா, கர்நாடக விவசாயிகள் புகார் சொல்லி, 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்கக்கூடாது என்று விதி போட்டார்கள்.

இப்படிப் பெரிய கைகள் ஆடிய ஆட்டத்தால் வந்த விதியில், தரைவிரிப்பு விற்ற என் மச்சான் மாட்டிக்கொண்டார். பெரிய கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார். நம்மிடம் பழைய ஃபைல்தான் இருக்கிறது.

சரி, இந்த அவையில் ரப்பர் ஏற்றுமதி செய்கிறவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம். கறித்தூள் செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் பாதி மண்டபம் தூக்கும். ஆகவே மசாலாவுக்கு வருகிறேன்.

எங்கள் அத்தா தோட்டத்தில் கடை வைத்திருந்தார். பால் மரம் வெட்டிவிட்டு வரும் பெண்கள் "குண்டூர் மிளகாய் இருக்கா பாய்? ஈரோட்டு மஞ்சள் வந்துருச்சா?" என்று ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். அத்தாவும் சாக்கின் மேல் ஊர்ப் பெயரைக் கரியால் எழுதி வைப்பார். எந்தச் சரக்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்பது அவருக்கு மனப்பாடம். இன்று அந்தக் கேள்வியைக் கேட்பது சுங்க அதிகாரி. மனப்பாடமாகச் சொன்னால் அவர் ஏற்கமாட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தியாவிலிருந்து மல்லியும் மிளகாயும் வாங்கி, இங்கே வறுத்து, அரைத்து, கலந்து, பாக்கெட் போட்டால் அது மலேசியப் பொருளா, இந்தியப் பொருளா? பாக்கெட்டில் 'மலேசியாவில் தயாரிக்கப்பட்டது' என்று அடித்திருக்கிறோமே, ஜாக்கிம் ஹலால் முத்திரையும் இருக்கிறதே என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். ஹலால் சான்றிதழ் எப்படிச் செய்யப்பட்டது என்று சொல்கிறது. பூர்வீகச் சான்றிதழ் எங்கே உருவானது என்று சொல்கிறது. ஒன்றைக் காட்டி மற்றதை வாங்க முடியாது. பாக்கெட்டில் அடித்திருக்கும் வாசகமும் சுங்கத்துக்குச் சான்று ஆகாது.

ஆசியானுக்குள் விற்க ஃபார்ம் டி. அட்டிகா என்ற ஆசியான் சரக்கு வாணிப ஒப்பந்தம் 2010 மே 17 முதல் நடப்பில் இருக்கிறது. மண்ணில் விளையாத பொருளுக்கு அதில் பொதுவாக இரண்டு வாசல். ஒன்று, வட்டார மதிப்பு 40 விழுக்காடு இருக்க வேண்டும். அல்லது, மூலப்பொருளின் குறியீட்டில் முதல் நான்கு இலக்கம், செய்து முடித்த பொருளில் வேறாக மாறியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். சில பொருளுக்கு ஒப்பந்தத்தின் இணைப்பில் தனி விதி இருக்கும்; இருந்தால் அதுதான் செல்லும், முதலில் அதைப் பார்க்க வேண்டும். நான் பொது விதியை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு பெட்டி கறித்தூள், எஃப்ஓபி 100 வெள்ளி. உள்ளே போன இந்தியச் சரக்கு: மிளகாய் 24, மல்லி 18, சீரகமும் சோம்பும் 11, மஞ்சள் 8, மிளகு 7. கூட்டினால் 68. ஆகவே நம் மதிப்பு 32. முதல் வாசல் மூடிவிட்டது.

இரண்டாவது வாசலுக்குப் போவோம். மிளகாயும் மிளகும் 0904. மல்லி, சீரகம், சோம்பு மூன்றும் 0909. பல இனத்தைக் கலந்த கறித்தூள் 0910. அப்படியானால் இவையெல்லாம் நான்கு இலக்கம் மாறிவிட்டன. மாறாதது ஒன்றே ஒன்று, மஞ்சள். ஏனென்றால் மஞ்சளும் 0910-இல்தான் இருக்கிறது! வெந்தயம் போட்டால் அதுவும் அங்கேதான். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு சிறு விட்டுக்கொடுத்தல் உண்டு: குறியீடு மாறாத வெளிச்சரக்கு, விலையில் 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. நம் மஞ்சள் 8. தப்பித்தோம். மஞ்சள் விலை ஏறி 11 ஆகிவிட்டால்? அதே கறித்தூள், அதே கைப்பக்குவம், ஆனால் தேறாது. மஞ்சள் விலை ஏறியதை உங்கள் கொள்முதல் ஆள் கவனிப்பார். ஃபார்ம் டி எழுதுகிறவர் கவனிக்கிறாரா?

வாங்குகிற இடத்தை மாற்றினாலும் கணக்கு மாறும். மிளகைச் சரவாக்கிலிருந்து வாங்கினால் வெளிச்சரக்கு 61. நம் மதிப்பு 39. ஒரே ஒரு புள்ளி குறைகிறது! மஞ்சளையும் இந்தோனேசியாவிலிருந்து வாங்கினால் 53; நம் மதிப்பு 47. தேறிவிட்டது. ஆசியான் நாட்டுச் சரக்கை நம் சரக்காகவே கணக்கில் சேர்க்கலாம். ஆனால் அந்த மஞ்சளுக்கு இந்தோனேசியாவின் ஃபார்ம் டி உங்கள் ஃபைலில் இருக்க வேண்டும். புரோக்கர் "இந்தோ சரக்குதான் பாய்" என்று சொன்னதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

மிளகாய்த் தூள் மட்டும் தனியாக அரைத்து விற்கிறவர்கள் கவனிக்கவும். முழு மிளகாய் 0904.21, அரைத்தால் 0904.22. முதல் நான்கு இலக்கம் மாறவில்லை. ஆகவே பொது விதிப்படி 40 விழுக்காடு வாசல்தான். இந்திய மிளகாயை அரைத்து அந்த 40-ஐ எட்டுவது கஷ்டம்.

இன்னொன்று. உப்பு, அஜினோமோட்டோ, மாவு எல்லாம் நிறையச் சேர்த்து 'தண்ணீர் ஊற்றினால் குழம்பு' என்று புதுப் பொருள் போடுகிறோம் அல்லவா? மசாலாவின் தன்மை போய்விட்டால் அது 0910-இல் நிற்காது, 2103-க்குப் போய்விடும். கே2 பாரத்தில் ஒரு குறியீடு, இன்வாய்ஸில் ஒன்று, சான்றிதழில் ஒன்று என்று மூன்று விதமாக எழுதினவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கண்டெய்னர் எங்கே நின்றது என்றும் தெரியும்.

அரபு நாட்டுப் பேரீச்சம்பழத்தை இங்கே அழகான டப்பாவில் அடைத்து நோன்பு நேரத்தில் வெளியே அனுப்பினால் அது மலேசியப் பழம் ஆகாது. அடைப்பது, லேபிள் ஒட்டுவது, பிரிப்பது எல்லாம் எந்த ஒப்பந்தத்திலும் வேலையாகக் கணக்கில் வராது. இந்திய ஒப்பந்தத்தில் வெறுமனே கலப்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. ஆகவே நான் மேலே சொன்ன கறித்தூள் கணக்கை இந்தியாவுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே 35 விழுக்காடும் வேண்டும், ஆறு இலக்கத்தில் குறியீட்டு மாற்றமும் வேண்டும். இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

சிங்கப்பூருக்கு அனுப்புகிறவர்கள் நிறைய. உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. மதுபானம் போன்ற ஒருசில பொருளைத் தவிர அங்கே சுங்க வரியே கிடையாது. மசாலாவுக்கு ஃபார்ம் டி எடுத்து நீங்கள் மிச்சப்படுத்தும் வரி பூஜ்யம். சிங்கப்பூர்க்காரர் அதை மறுபடி வேறு ஆசியான் நாட்டுக்கு அனுப்புவதாக இருந்து, கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுங்கள். ஒவ்வொரு லோரிக்கும் இதற்காக ஏஜெண்டுக்குக் காசு கொடுத்துவந்த ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், அவரே சிரிக்கிறார். சலுகை எவ்வளவு, அதற்கான செலவு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். வளைகுடா நாடுகளில் பெரும்பாலான பொருளுக்குப் பொது வரி 5 விழுக்காடு. ஐக்கிய அரபு அமீரகத்தோடு நம் நாடு 2025 ஜனவரி 14 அன்று ஒப்பந்தம் செய்திருக்கிறது. துபாயில் உங்கள் பொருளுக்கு வரி இருக்கிறதா, இருந்தால் ஒப்பந்தம் அதை எவ்வளவு குறைக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் காகிதத்தில் கை வையுங்கள்.

இனி, புதிய ஒப்பந்தங்களில் எது புதிது என்ற விஷயம். இளைஞர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

பழைய முறை உங்களுக்குத் தெரியும். மிட்டி அமைச்சுக்கு இணையம்வழி முதலில் பொருளின் செலவுக் கணக்கை அனுப்ப வேண்டும். அதை ஏற்ற பிறகு ஒவ்வொரு ஏற்றுமதிக்கும் சான்றிதழ் கேட்க வேண்டும். நான் சறுக்கியது அந்த முதல் படியில்தான். ஏற்கப்பட்ட செலவுக் கணக்கைச் சரக்கு மாறிய பிறகும் திருத்தவில்லை. இருந்தாலும் அந்த முறையில் நமக்கும் வெளிநாட்டுச் சுங்கத்துக்கும் நடுவே ஓர் அதிகாரி இருந்தார். தவறு இருந்தால் அவர் பிடிக்க ஒரு வாய்ப்பு இருந்தது.

2020 செப்டம்பர் 20 முதல் ஆசியானில் சுயசான்று முறை வந்திருக்கிறது. தகுதி பெற்றுப் பதிவு செய்துகொண்ட ஏற்றுமதியாளர், அதிகாரியின் முத்திரை இல்லாமல் தன் இன்வாய்ஸிலேயே 'இது இன்ன நாட்டுப் பொருள்' என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். ஆர்செப் ஒப்பந்தம் நமக்கு 2022 மார்ச் 18 முதல். அதிலும் அங்கீகாரம் பெற்ற ஏற்றுமதியாளர் தாமே எழுதலாம். சிபிடிபிபி 2022 நவம்பர் 29 முதல். அதில் ஏற்றுமதியாளர், தயாரித்தவர், இறக்குமதியாளர் யார் வேண்டுமானாலும் சான்று எழுதலாம். குறிப்பிட்ட பாரம்கூட இல்லை, சொல்ல வேண்டிய விவரங்கள் இருந்தால் போதும். 2024 டிசம்பர் 15 முதல் பிரிட்டனும் இதில் இருக்கிறது. லண்டன் தமிழ்க் கடைகளுக்குச் சம்பால் அனுப்ப நினைக்கிறவர்களுக்கு இது திறந்த கதவு.

கேட்க வசதியாக இருக்கிறது. கியூ இல்லை, கட்டணம் இல்லை, மூன்று நாள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தம்பி என்னிடம், "மாமா, இப்ப ஒரு கையெழுத்துதானே, ஏன் இவ்வளவு யோசிக்கிறீங்க?" என்றார். நடுவில் இருந்த அதிகாரி போய்விட்டார் தம்பி, அதனால்தான் யோசிக்கிறேன். இப்போது சாட்சி நீங்கள் ஒருவர்தான். இரண்டு வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். அப்போது அந்தச் சரக்கை வாங்கிய குமாஸ்தா வேலையை விட்டுப் போயிருப்பார்.

ஒன்றை மட்டும் எதிர்த்திசையில் மாற்றியிருக்கிறார்கள். அமெரிக்காவுக்குப் போகும் சரக்குக்குச் சலுகை சாராத பூர்வீகச் சான்றிதழை முன்பு வர்த்தகச் சங்கங்களும் கொடுத்துவந்தன. 2025 மே 6 முதல் மிட்டி மட்டுமே கொடுக்கிறது. வேறு நாட்டுச் சரக்கு மலேசியப் பெயரில் போகக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு வந்துவிட்டது.

அந்தத் தரைவிரிப்பு விவகாரத்துக்குப் பிறகு நான் பழக்கமாக்கிக்கொண்டது கொஞ்சம்தான். மூலப்பொருளின் ஒவ்வொரு பில்லிலும் அது எந்த நாட்டுச் சரக்கு என்று எழுதி வாங்குவேன்; எழுதாத பில்லை வெளிநாட்டுச் சரக்காகவே கணக்கில் வைப்பேன். செலவுத் தாளின் தலையில் தேதி போடுவேன். எந்தச் சரக்கின் விலையோ ஊரோ மாறினாலும் அன்றே புதுத் தாள். கொள்முதல் செய்கிறவரும் காகிதம் எழுதுகிறவரும் மாதம் ஒரு முறை எதிரெதிரே உட்கார வேண்டும். நம் குடும்பக் கடைகளில் அது அண்ணனும் தம்பியுமாகத்தான் இருக்கும். அவர்கள் பேசிக்கொள்ளாமல் இருந்தால் அதற்கு அமைச்சு ஒன்றும் செய்ய முடியாது. (சிரிப்பு.) கணக்குத் தேறாவிட்டால் சான்றிதழ் இல்லாமல் அனுப்புவேன். வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன், "இந்தத் தடவை வரி உண்டு, விலையைப் பேசிக்கொள்வோம்" என்று. ஒரு வியாபாரம் அப்படிச் சொன்னதால் கைவிட்டும் போனது. மறைக்கவில்லை.

கப்பல் போன பிறகு சான்றிதழ் எடுக்க மறந்துவிட்டோமே என்று பதறாதீர்கள். இந்திய ஒப்பந்தத்தில் ஏற்றிய நாளிலிருந்து 12 மாதத்துக்குள், பின்தேதியில் வழங்கப்பட்டது என்ற குறிப்போடு பெற இடம் இருக்கிறது. ஆனால் அது விதிவிலக்குதான். அதையே வழக்கமாக்கினால் அங்கே சந்தேகப் பார்வை தொடங்கிவிடும்.

மச்சானைப் பற்றிக் கேட்பீர்கள். எட்டு மாதம் என்னிடம் பேசவில்லை. பிறகு பேசினார். இப்போது அந்தத் தொழிற்சாலை தாய்லாந்து ரப்பர் வாங்குகிறது, பூர்வீகச் சான்றிதழோடு. சென்னைக்கு மறுபடி போகிறது. ஒவ்வொரு கண்டெய்னர் கிளம்பும் முன்பும் அவர் எனக்கு ஒரே ஒரு செய்தி அனுப்புவார்: "எந்த ஊரு?" நான் பில்லைப் படம் எடுத்து அனுப்புவேன். அதற்குப் பிறகுதான் குடும்ப விசாரிப்பு எல்லாம்.

நேரமாகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அஸருக்குப் பிறகு பின்பக்க மேசையில் நான் இருப்பேன். தங்கள் பொருளின் செலவுத் தாளும் கடைசி மூன்று கொள்முதல் பில்லும் கொண்டுவரச் சொல்லி அறிவித்திருந்தோம். கொண்டுவந்தவர்கள் வாருங்கள், உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொண்டுவராதவர்கள் கடைக்குப் போன் செய்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மஞ்சள் பில்லை மறக்க வேண்டாம்.

வஸ்ஸலாம்.